கஸ்டம் வாட்டர் கூலிங்: டியூபும் ஃபிட்டிங்கும் எதை வாங்குவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியும். கம்ப்யூட்டரின் சிபியு, கிராபிக்ஸ் கார்டு (ஜிபியு) இரண்டையும் குழாய் வழியே சுற்றும் தண்ணீரால் குளிர வைக்க வேண்டும், அந்தச் சுற்றுதான் லூப். சென்னையில் ஏசி இல்லாத அறை. ரைசன் 7 7800எக்ஸ்3டி சிபியு, ஆர்டிஎக்ஸ் 4080 கிராபிக்ஸ் கார்டு, மேலே ஒரு 360 மி.மீ. ரேடியேட்டர் (சூட்டைக் காற்றில் விடும் பாகம்), முன்னால் ஒரு 240, டி5 பம்பும் ரிசர்வாயரும் (தண்ணீர்த் தொட்டி) ஒன்றாகச் சேர்ந்து வரும் வகை. பிளாக்குகள் (சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்துபவை) எல்லாம் முடிவு செய்தாயிற்று. டியூப், ஃபிட்டிங் (டியூபைப் பாகங்களோடு இணைப்பது) பக்கம் வந்ததும் தலை சுற்றுகிறது: ஹார்டு டியூபா சாஃப்டா, 10/13-ஆ, 10/16-ஆ, 13/19-ஆ, வெறும் பார்ப் (டியூபைச் செருகும் மூக்கு) போதுமா, அதன் மேல் திருகும் காலர் உள்ள கம்ப்ரஷன் வேண்டுமா, ஹார்டுவேர் கடையில் கிடைப்பதை வைத்து ஒப்பேற்ற முடியுமா.

நேராகப் பதிலைச் சொல்கிறேன், காரணம் பின்னால் வரும். முதல் லூப் என்றால் 10/16 இபிடிஎம் ரப்பர் டியூப், அதே அளவு கம்ப்ரஷன் ஃபிட்டிங், கூடவே ஒரு டிரெய்ன் வால்வு (தண்ணீரை வெளியேற்றும் திறப்பு). பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கில் வரும் ஹார்டு டியூப் உங்கள் அறைக்கு வேண்டாம். 13/19 வேண்டவே வேண்டாம். உள்ளே கலர் தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் அக்ரிலிக் ஹார்டு டியூப் இருக்கிறது, ஆனால் அதை இரண்டாவது லூப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சிபியு, ஜிபியு வெப்பநிலை கிட்டத்தட்ட மாறப்போவதில்லை. வெப்பநிலையைத் தீர்மானிப்பது ரேடியேட்டரின் பரப்பு, ஃபேன், பிளாக், அப்புறம் உங்கள் அறையின் சூடு. டியூபும் ஃபிட்டிங்கும் தீர்மானிப்பது வேறு: ஒழுகுமா ஒழுகாதா, எவ்வளவு நாளைக்கு ஒருமுறை லூப்பைத் திறந்து கழுவ வேண்டியிருக்கும், நாளைக்கு ஒரு ராம் ஸ்டிக் மாற்றவோ கிராபிக்ஸ் கார்டைக் கழற்றவோ நேர்ந்தால் அரை மணி நேரத்தில் முடியுமா, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடுமா. பணத்தை இந்தக் கேள்விகளுக்காகச் செலவழியுங்கள்.

அளவிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் எல்லாரும் தடுமாறுவது இங்கேதான். 10/16 என்றால் உள் விட்டம் 10 மி.மீ., வெளி விட்டம் 16 மி.மீ. அமெரிக்க அளவில் இதை 3/8 இன்ச், 5/8 இன்ச் என்பார்கள். 10/13 என்பது 3/8, 1/2. 13/19 என்பது 1/2, 3/4. பெரிய டியூப் போட்டால் நிறையத் தண்ணீர் போகும், நிறையத் தண்ணீர் போனால் நன்றாகக் குளிரும் என்று தோன்றுவது இயல்புதான். 13 மி.மீ. குழாயின் குறுக்குப் பரப்பு 10 மி.மீ. குழாயைப் போல 1.7 மடங்கு, அதுவும் உண்மை. ஆனால் தண்ணீர் ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் நுழைவது ஜி 1/4 என்ற மரை போட்ட ஓட்டை வழியாக. அந்த மரையின் வெளி விட்டமே 13.16 மி.மீ.தான், பள்ளத்தில் அளந்தால் சுமார் 11.4. அதற்குள் ஃபிட்டிங்கின் உலோகச் சுவரும் போக வேண்டும் என்றால் தண்ணீர் போகும் வழி 10 மி.மீ. அளவுக்குத்தான் மிஞ்சும். அதைத் தாண்டிப் போனால் சிபியு பிளாக்குக்குள் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடுக்குகள். உண்மையான தடை அங்கே இருக்கிறது. நடுவில் உள்ள டியூபை அகலமாக்கி அங்கே ஒன்றும் சாதிக்க முடியாது.

சரி, ஓட்டம் கொஞ்சம் குறைந்தால்தான் என்ன? நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் டி5 இதை முக்கால்வாசி வேகத்திலேயே பெரும்பாலும் கொடுத்துவிடும். கேம் ஓடும்போது சிபியு, ஜிபியு இரண்டும் சேர்ந்து 400 வாட் சூட்டைத் தண்ணீரில் இறக்கினால், ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் தண்ணீர் சூடாவது ஏறக்குறைய ஒன்றரை டிகிரி. அவ்வளவுதான். அதனால்தான் பம்பிலிருந்து முதலில் சிபியுவுக்குப் போகட்டுமா, ரேடியேட்டருக்குப் போகட்டுமா என்ற விவாதத்திலும் பெரிதாகச் சாரம் இல்லை. டியூப் எந்த வரிசையில் போனால் குறைவாக வளைகிறதோ அந்த வரிசையில் போடுங்கள். ஒரே ஒரு விதி: ரிசர்வாயரிலிருந்து பம்புக்குத் தண்ணீர் எப்போதும் இறங்கி வர வேண்டும், பம்பு காய்ந்து ஓடக் கூடாது. உங்களுடையது ஒன்றாகவே சேர்ந்து வருவதால் அந்தக் கவலையும் இல்லை.

அப்படியானால் 10/13 போதுமே, ஏன் 10/16 என்றால், சுவரின் தடிமன். 10/13-இன் சுவர் ஒன்றரை மில்லிமீட்டர், 10/16-இன் சுவர் 3. மெல்லிய சுவர் உள்ள டியூபைச் சற்று இறுக்கமாக வளைத்தால் நடுவில் மடங்கி நசுங்கிவிடும், அன்றைக்கு நன்றாக இருந்தாலும் தண்ணீர் சூடேறி டியூப் இளகியதும் மடங்கும். தடித்த சுவர் அந்த வளைவைத் தாங்கும். 13/19-ஐ நான் ஒதுக்கச் சொல்வதற்குக் காரணம் அதன் பருமன். கம்ப்ரஷன் காலரோடு சேர்த்தால் ஒவ்வொரு ஃபிட்டிங்கும் அவ்வளவு தடிமனாகிவிடும், சில பிளாக்குகளில் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளில் இரண்டை மாட்டினால் ஒன்றோடொன்று இடிக்கும். வாங்கி வந்து, பெட்டி பிரித்து, மாட்டிப் பார்க்கும்போதுதான் இது தெரியும்.

இனி டியூபின் பொருள். இங்கேதான் நிஜமாக யோசிக்க வேண்டும்.

கண்ணாடி போன்ற சாஃப்ட் டியூப் பெரும்பாலும் பிவிசி. பிவிசி இயல்பாகவே விறைப்பான பொருள், நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதுவே. அதை வளைய வைக்க பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் மாதிரியான ஒன்றைக் கலக்கிறார்கள். வெதுவெதுப்பான கூலண்ட் (லூப்பில் சுற்றும் திரவம்) மாதக்கணக்கில் ஓட ஓட அந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தண்ணீரில் சேர்கிறது. டியூப் மங்கி வெளுக்கிறது. அது கண்ணுக்குத் தெரிகிற பாதி. தெரியாத பாதி பிளாக்குக்குள் நடக்கிறது. நண்பர் ஒருவரின் சிபியு பிளாக்கைத் திறந்து பார்த்தபோது செப்புத் துடுப்புகளின் நடுவில், தண்ணீர் மேலிருந்து வந்து விழும் அந்த ஒரே கோட்டில், சோற்றுக் கஞ்சி காய்ந்த மாதிரி வெள்ளையாக ஒரு படலம். விரலால் தேய்த்தால் வழுவழுப்பாக வந்தது, துடுப்புக்கு இடையில் இருப்பது வரவில்லை, பழைய டூத் பிரஷும் சோப்புத் தண்ணீரும் வைத்துத் தேய்த்துத்தான் எடுத்தோம். அதுவரை அவர் சிப்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் பூசும் தெர்மல் பேஸ்ட்தான் காய்ந்துவிட்டது என்று நினைத்து இரண்டு முறை மாற்றியிருந்தார். நல்ல நிறுவனங்களின் கிளியர் டியூபில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அதையும் தேய்மானப் பொருளாக நினைத்து, வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் மனநிலையில் வாங்குங்கள். எங்கள் ஊர்ச் சூட்டில் அந்த எண்ணெய் இன்னும் சீக்கிரம் கசியும்.

ஹார்டுவேர் கடை டியூபுக்கான பதிலும் இதிலேயே அடங்கிவிட்டது. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் அந்தத் தெளிவான டியூப் லெவல் குழாய், மீட்டர் கணக்கில் மலிவாகக் கிடைப்பது, பிளாஸ்டிசைசர் நிறைந்த சாதாரண பிவிசிதான். உள் விட்டம் பொருந்தினாலும் வெளி விட்டம் ஒரே சீராக இருக்காது, கம்ப்ரஷன் காலர் ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தொங்கும். மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சிலிக்கோன் டியூப் சுத்தமான பொருள், வேதியியலாகப் பிரச்சினை இல்லை, ஆனால் சிலிக்கோன் நீராவியைத் தன் ஊடாக விட்டுவிடும் தன்மை கொண்டது, ரிசர்வாயரில் மட்டம் மற்ற டியூபைவிட வேகமாக இறங்கும், போதாக்குறைக்கு லேசாக வளைத்தாலே மடங்கும்.

இபிடிஎம் இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் வெளியே நிற்கிறது. காரின் ரேடியேட்டர் ஹோஸ் செய்யும் அதே ரப்பர் இனம், சூடான கிளைக்கால் கலந்த தண்ணீரில் வருடக்கணக்கில் கிடப்பதற்கென்றே இருப்பது. ஈகே நிறுவனம் இசட்எம்டி என்ற பெயரில் விற்கிறது, ஆல்ஃபாகூலும் விற்கிறது. பளபளப்பு இல்லாத கறுப்பு, உள்ளே ஒன்றும் தெரியாது, ஆர்ஜிபி (வண்ண விளக்கு) பிரியர்களுக்குப் பிடிக்காது. காற்றுக் குமிழி எங்கே நிற்கிறது என்று பார்க்க முடியாது, அது ஒரு உண்மையான குறை, அதை ரிசர்வாயரைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். புதிதாக வரும்போது ரப்பர் வாடையும் உள்ளே கொஞ்சம் கறுப்புத் தூளும் இருக்கும், வெந்நீர் விட்டு இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள். விறைப்பாகவும் இருக்கும், பார்பில் ஏற்றுவதற்குள் விரல் நோகும். ஆனால் மாட்டிய பிறகு மறந்துவிடலாம், என்னைப் பொறுத்தவரை ஒரு டியூபுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

இப்போது ஹார்டு டியூப். படத்தில் பார்க்க அழகு, மறுக்கவில்லை. பிஇடிஜி வளைக்க எளிது, ஹீட் கன்னைக் காட்டியதும் இளகும், விழுந்தால் உடையாது, அதனால் எல்லாரும் புதியவர்களுக்கு அதையே சொல்கிறார்கள். அந்த எளிமையே இங்கே வில்லங்கம். எளிதில் இளகும் பொருள் லூப்புக்குள்ளும் எளிதில் இளகும். பிஇடிஜி சுமார் 80 டிகிரியில் முழுதாகத் தளர்ந்துவிடும், ஆனால் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) சுற்றிலும் நெருக்கிக்கொண்டிருக்கும் இடத்தில் அதற்கு முன்பே உருமாறத் தொடங்கும், விற்பவர்கள் பலர் கூலண்டை 60 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்வதும் அதனால்தான். ஐரோப்பாவில் 22 டிகிரி அறையில் இருப்பவருக்கு அது எட்டாத உயரம். உங்கள் அறை மே மாதம் மதியம் 37, 38 டிகிரி. கூலண்ட் அறையைவிட 10 முதல் 15 டிகிரி மேலே நிற்பது சாதாரணம், ஆக 50-ஐ ஏற்கெனவே தொட்டுவிட்டீர்கள். அந்த நேரத்தில் ஒரு ஃபேன் நின்றால், அல்லது ரேடியேட்டரில் தூசி அடைத்தால், மிச்சம் இருக்கும் இடைவெளி மிகவும் குறைவு. பம்பே நின்றுவிட்டால் பிளாக்குக்குள் தேங்கிய தண்ணீர் சடசடவெனச் சூடேறும், அதை ஒட்டிய டியூபின் முனைதான் முதலில் நெகிழும், ஃபிட்டிங்கிலிருந்து நழுவும், கீழே கிராபிக்ஸ் கார்டு. டி5 பம்புக்கும் கூலண்ட் வரம்பு 60 டிகிரிதான் என்பதையும் நினைவில் வையுங்கள், ஆகவே எந்த டியூப் போட்டாலும் ஒரு கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார் போட்டு, 55 டிகிரியில் மெஷின் தானாக அணையும்படி வைத்துவிடுவது நல்லது.

அக்ரிலிக் 100 டிகிரிக்கு மேல்தான் இளகும், அந்த வகையில் நம் வெயிலுக்குப் பொருத்தம், தெளிவும் அதிகம். ஆனால் அது உடையும் இனம். வளைக்கும்போது சூடு குறைந்தால் படக்கென்று முறியும், கூடினால் உள்ளே நுண்ணிய குமிழி கிளம்பும், காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதுதான் காரணம், கடலோர ஊரில் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. இன்னொன்று, அக்ரிலிக்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்காதீர்கள். தெர்மல் பேஸ்ட் துடைத்த கையோடு டியூபையும், ரிசர்வாயரையும், பிளாக்கின் மேல்மூடியையும் பளபளப்பாக்கலாம் என்று தோன்றும், சில நாளில் மயிரிழை விரிசல்கள் கிளை கிளையாக ஓடும். சோப்புத் தண்ணீர் போதும்.

செப்புக் குழாய் போடலாமா என்று சிலர் கேட்பார்கள், ஏசி மெக்கானிக்கிடம் சுருள் சுருளாக இருக்கிறதே. குழாய் நல்ல பொருள்தான், ஆனால் அது இன்ச் அளவில் வருவது, 1/2 இன்ச் என்றால் 12.7 மி.மீ., ஹார்டு டியூப் ஃபிட்டிங் 12 அல்லது 14 அல்லது 16 மி.மீ. ஒன்றிலும் உட்காராது. இதே கணக்கு பிளாஸ்டிக்குக்கும் பொருந்தும்: சாஃப்ட் டியூபில் 3/8, 5/8 இன்ச் என்று போட்டதை 10/16 ஃபிட்டிங்கில் மாட்டினால் பெரும்பாலும் பாதகமில்லை, 9.5 மி.மீ. ரப்பர் 10 மி.மீ. பார்பில் இழுத்துக்கொண்டு உட்காரும், இன்னும் இறுக்கமாகவே இருக்கும். ஹார்டு டியூபில் அப்படி விளையாடக் கூடாது. 5/8 இன்ச் என்பது 15.88 மி.மீ., 16 மி.மீ. ஃபிட்டிங்கில் நுழையும், பிடித்த மாதிரியும் இருக்கும், ஆனால் அங்கே தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது ஓ-ரிங்கின் நெருக்கம் மட்டுமே, அந்த எட்டில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்தான் சொட்டுச் சொட்டாக வெளியே வரும். டியூபும் ஃபிட்டிங்கும் ஒரே நிறுவனத்திடம் வாங்குவது இந்த ஒரு காரணத்துக்காகவே நியாயம்.

ஃபிட்டிங்குக்கு வருவோம். ஜி 1/4 மரை இணைமரை, அதாவது மேலும் கீழும் ஒரே பருமன். அது தண்ணீரைத் தடுப்பதில்லை, ஃபிட்டிங்கைப் பிடித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. தடுப்பது கழுத்தில் உட்கார்ந்திருக்கும் ஓ-ரிங். இது புரிந்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும். டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது, பிளம்பர் வேலை பார்த்துப் பழகிய கை தானாகவே அதைத் தேடும், ஆனால் இங்கே அது ஓ-ரிங் சமமாக உட்காருவதைக் கெடுக்கும், பிய்ந்த துணுக்கு பிளாக்கில் போய் அடைக்கும். ஸ்பேனரும் வேண்டாம். கையால் திருகி, ஓ-ரிங் முகத்தைத் தொட்டதும் லேசான எதிர்ப்பு தெரியும், அதற்குமேல் கால் சுற்று போதும். அக்ரிலிக் மூடி உள்ள பிளாக்கில் இறுக்கி இறுக்கி விரிசல் விட வைப்பதுதான் நான் பார்த்ததில் மிகவும் செலவு வைக்கும் தவறு.

பாரிமுனையில் ஏர் கம்ப்ரஷர் சாமான் விற்கும் கடைகளில் கால் இன்ச் பிஎஸ்பி (குழாய் மரை வகை) பித்தளை ஃபிட்டிங் கிடைக்கும், அதே மரை எண்ணிக்கைதான், இன்ச்சுக்கு 19, அழகாகத் திருகவும் செய்யும். அதில் பல கூம்புமரை. இறங்க இறங்கப் பருத்துக்கொண்டே போய், ஆப்பு வைத்த மாதிரி ஓட்டையைப் பிளந்துவிடும். இணைமரை கிடைத்தாலும் கழுத்தில் ஓ-ரிங்குக்கான பள்ளம் பெரும்பாலும் இருக்காது. அந்தச் சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக ஆர்டிஎக்ஸ் 4080-இன் பிளாக்கைப் பணயம் வைக்காதீர்கள்.

உலோகம் எது என்றும் பாருங்கள். உங்கள் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், பிளாக் நிக்கல் பூசிய செம்பு, ஃபிட்டிங் நிக்கல் அல்லது குரோம் பூசிய பித்தளை. இந்தக் குடும்பம் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். நடுவில் ஓர் அலுமினியத் துண்டு வந்தால் அந்தக் கூலண்டே மின்கலமாக மாறி அலுமினியத்தை அரிக்கும், வெள்ளைச் சகதி லூப் முழுக்கச் சுற்றும். விலை மிகவும் குறைவாக, கையில் எடுத்தால் எடையே தெரியாமல் இருக்கும் கலர் ஃபிட்டிங்கைச் சந்தேகப்படுங்கள். பித்தளை கையில் கனக்கும். சீனத் தயாரிப்பு என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, பேரோ, பிக்ஸ்கி போன்றவற்றின் பித்தளை ஃபிட்டிங்குகள் நன்றாகவே இருக்கின்றன.

பார்பா கம்ப்ரஷனா என்றால், தண்ணீரைத் தடுத்து நிறுத்துவதில் இரண்டும் ஒன்றுதான். பார்பில் டியூபை ஏற்றி, ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கினால் அது கழன்று வராது, விலையும் குறைவு, இடமும் குறைவாக எடுக்கும். அழகில்லை, அவ்வளவே. கம்ப்ரஷன் ஃபிட்டிங்கும் உள்ளே ஒரு பார்ப்தான், கிளாம்புக்குப் பதிலாக மரை போட்ட காலர். அதை மாட்டும்போது ஒரு விஷயத்தைக் கவனித்துச் செய்யுங்கள், கசிவுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. முதலில் காலரை டியூபில் கோத்துக்கொள்ளுங்கள் (மறந்துவிட்டு, மாட்டிய டியூபை மறுபடி உருவாதவர் யாரும் கிடையாது). டியூப் முனை நேர்வெட்டாக இருக்க வேண்டும், கத்தரியால் வெட்டினால் நசுங்கிச் சாய்வாகும், பிளேடு போட்ட டியூப் கட்டர் வாங்குங்கள். வெட்டிய முனையை அரை நிமிடம் வெந்நீரில் விட்டு எடுத்தால் ரப்பர் இளகும். பார்பில் வைத்து, இடமும் வலமும் ஆட்டி, டியூபின் வாய் ஃபிட்டிங்கின் அடித்தட்டைத் தொடும்வரை தள்ளுங்கள், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தாலும் இன்னும் தள்ள வேண்டும். இப்போது காலரைத் திருகும்போது இறுக இறுக டியூபும் கூடவே முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய டியூப் சும்மா இருக்காது, மெதுவாகத் திரும்ப நிமிரப் பார்க்கும், நிமிரும்போது ஃபிட்டிங்கின் அடிப்பாகத்தையே பிளாக்கிலிருந்து எதிர்த்திசையில் திருகிவிடும். அன்றைக்கு ஒழுகாது, ஒரு வாரம் கழித்து ஒரு சொட்டு வரும். அதனால் ஒரு கையால் டியூபை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுகையால் காலரைத் திருகுங்கள், எல்லாம் முடிந்த பிறகு அடிப்பாகம் தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் விரலால் சோதியுங்கள்.

ஹார்டு டியூப் ஃபிட்டிங்கில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: வெட்டிய முனையின் உள்ளும் வெளியும் உள்ள கூர்மையான விளிம்பை மழித்துவிடுங்கள், அந்தக் கூர்தான் ஓ-ரிங்கை அறுக்கும். டியூப் தானாக அந்த இடத்தில் உட்கார வேண்டும், இழுத்துப் பிடித்து உட்கார வைத்தால் ஒருநாள் வெளியே வரும்.

90 டிகிரி, 45 டிகிரி ரோட்டரி ஃபிட்டிங்குகள் வசதியானவை, ஆனால் கடைக்குப் போனால் கூடை நிறைய அள்ளத் தோன்றும். ஒவ்வொரு ரோட்டரியிலும் சுழலும் இடத்தில் ஓர் ஓ-ரிங் கூடுதல், அதாவது ஒழுகக்கூடிய இடம் ஒன்று கூடுதல். ஓட்டத்தையும் கொஞ்சம் தடுக்கும், அது பெரிதில்லை. 10/16 இபிடிஎம் டியூப் ஓரளவு பெரிய வளைவில் தானாகவே போய்விடும், உங்கள் கேஸில் மேல் ரேடியேட்டரின் வாய்க்கு ஒன்று, பம்பு கேஸின் அடியில் இருந்தால் அங்கே ஒன்று, இரண்டு 90 போதும் என்று நினைக்கிறேன். கேஸின் பக்கக் கண்ணாடிக்கும் ஜிபியு பிளாக்குக்கும் இடையே எவ்வளவு இடம் என்பதை மட்டும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். குவிக் டிஸ்கனெக்ட் என்ற வகை, கழற்றினால் இருபக்கமும் தானாக மூடிக்கொள்வது, கூலன்ஸின் க்யூடி3 போன்றவை, அருமையான சாதனம். கிராபிக்ஸ் கார்டை அடிக்கடி மாற்றுபவருக்கு அதன் விலை தகும். மற்றவர்களுக்கு டிரெய்ன் வால்வே போதும்.

அந்த டிரெய்ன் வால்வை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். லூப்பின் ஆகத் தாழ்ந்த இடத்தில், பெரும்பாலும் பம்பின் உபரி ஓட்டையில் அல்லது ஒரு டி (T) வடிவ ஃபிட்டிங் போட்டு, ஒரு பால் வால்வு, அதன் வாயில் ஒரு பிளக். பிளக் எதற்கென்றால், கேஸைத் துடைக்கும்போது கை பட்டு வால்வு திறந்துகொண்டாலும் தண்ணீர் வராது. வெளியேற்றும் நாளில் பிளக்கைக் கழற்றி, ஒரு பார்ப் மாட்டி, அதில் அந்த ஹார்டுவேர் கடை டியூபை ஒரு மீட்டர் செருகிப் பக்கெட்டில் விடுங்கள், அதற்கு அது தாராளமாகப் போதும். ரிசர்வாயரின் மேல்மூடியைத் திறந்துவிட்டால்தான் காற்று புகுந்து தண்ணீர் இறங்கும்.

எண்ணிக்கை: உங்களிடம் ஐந்து பாகங்கள், சிபியு, ஜிபியு, இரண்டு ரேடியேட்டர், பம்பு. வட்டமாகச் சுற்றினால் ஐந்து டியூப் துண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, ஆக 10 கம்ப்ரஷன் ஃபிட்டிங். உபரியாக இரண்டு வாங்கி வையுங்கள், இங்கே தனியாக ஒன்று வேண்டுமென்றால் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும். இரண்டு 90 ரோட்டரி, ஒரு பால் வால்வு, அதை மாட்ட இருபக்கமும் ஆண்மரை உள்ள ஓர் இணைப்பு, மூன்று நான்கு பிளக், கொஞ்சம் உதிரி ஓ-ரிங். டியூப் 3 மீட்டர். கணக்குப் பார்த்தால் ஒரு மீட்டர் மிஞ்சும், ஆனால் முதல் துண்டைக் குட்டையாக வெட்டிவிட்டுத்தான் எல்லாரும் கற்றுக்கொள்கிறார்கள்.

மாட்டியதும் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். சின்ன கை பம்பும் அழுத்தமானியும் சேர்ந்த லீக் டெஸ்டர் கிடைக்கிறது, அதை ஜி 1/4 ஓட்டையில் மாட்டி 0.5 பார் வரை காற்றை ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். முள் அசையவில்லை என்றால் நல்லது. இறங்கினால் ஃபிட்டிங்குகளில் சோப்பு நுரை தடவத் தேவையில்லை, ஒவ்வொரு காலராக இறுக்கிப் பார்த்தாலே பெரும்பாலும் ஆள் சிக்கிவிடும். புது ரேடியேட்டரை அதற்கு முன்பே வெந்நீர் ஊற்றிக் குலுக்கி, கறுப்பும் வெள்ளையுமாகத் துகள் வருவது நிற்கும்வரை அலசியிருக்க வேண்டும், பற்றவைத்தபோது மிஞ்சிய ஃபிளக்ஸ் (பற்றவைக்க உதவும் பசை) அது.

தண்ணீர் என்றால் வீட்டு ஆர்ஓ தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு குறைந்திருக்கிறதே தவிர இல்லாமல் போகவில்லை. டிஸ்டில்டு வாட்டரோடு அரிப்புத் தடுப்பானும் பாசி தடுப்பானும் கலந்தது, அல்லது ரெடிமேட் கூலண்ட், நிறமில்லாதது. பால் போன்ற பேஸ்டல் கலர்களில் மிதக்கும் துகள்தான் நிறத்தைத் தருகிறது, அது என்றாவது அடியில் படியும், கறுப்பு டியூபுக்குள் கலர் ஊற்றி என்ன பயன்? மின்சாரம் கடத்தாத கூலண்ட் என்று பாட்டிலில் போட்டிருப்பதை நம்பி அலட்சியமாக இருக்க வேண்டாம், சில வாரம் உலோகத்தோடு புழங்கினாலே கடத்தத் தொடங்கிவிடும்.

நிரப்பும்போது மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு எதற்கும் மின்சாரம் போகக் கூடாது. பம்பின் கேபிளைத் தவிர எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு, பவர் சப்ளையின் 24 பின் கனெக்டரில் ஜம்பர் பிளக்கை (மதர்போர்டு இல்லாமலே பவர் சப்ளையை ஓட வைப்பது) செருகி, பம்பை மட்டும் ஓட விடுங்கள். ரிசர்வாயர் காலியாகப் போகும் நேரத்தில் அணைத்து, மறுபடி ஊற்றி, மறுபடி ஓட விட்டு, கேஸை முன்னும் பின்னும் சாய்த்தால் ரேடியேட்டருக்குள் சிக்கிய காற்று கடகடவென வெளியே வரும். ஃபிட்டிங்குகளுக்குக் கீழே டிஷ்யூ பேப்பர் விரித்து வையுங்கள், ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும். ஓர் இரவு அப்படியே ஓடட்டும். முதல் வாரத்தில் காற்று முழுதாக வெளியேற மட்டம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கும், அது கசிவில்லை, நிரப்பிக்கொள்ளுங்கள். அதே வாரக் கடைசியில், மெஷினை அணைத்துவிட்டு, டியூப் சூட்டில் தன் இடத்துக்குப் பழகிய பிறகு, பத்துக் காலரையும் ஒருமுறை விரலால் திருகிப் பாருங்கள். ஒன்றிரண்டு லேசாகச் சுற்றும், சுற்றினால் இறுக்கிவிடுங்கள்.